வெள்ளை ஃபில்லிங் வைக்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

நேத்து ராத்திரி போன்ல நீ கேட்ட ரெண்டு கேள்வியும் எனக்குப் புதுசில்ல. "அந்த வெள்ளை சிமெண்ட் எத்தனை வருஷம் தாங்கும்?" அப்புறம், "அது பிளாஸ்டிக்தானேக்கா, நாள் பூரா வாய்க்குள்ளயே கெடந்தா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதா?" பல் டாக்டர் பக்கத்துல பதினோரு வருஷம் அசிஸ்டன்ட்டா நின்னவ நான். நாற்காலியில சாயறதுக்கு முன்னாடி முக்கால்வாசிப் பேர் கேட்கிறது இதைத்தான். வெளியில பத்துப் பேர் காத்திருப்பாங்க, டாக்டர் ரெண்டு வார்த்தையில முடிச்சுடுவார். உனக்கு நான் விலாவாரியா சொல்றேன். காபியை எடுத்துக்கிட்டு வந்து உட்காரு. ஃபில்லிங் வெச்ச அன்னிக்கு இந்தக் காபி கிடையாது, அது ஏன்னு அப்புறம் சொல்றேன்.

நீ ரெண்டு கேள்வி கேட்டாலும் பதில் ஒண்ணுதான். அந்தப் பசை முழுசா இறுகியிருந்தா சீக்கிரம் தேயாது, உள்ள இருக்கிறதைக் கசியவும் விடாது. அரைகுறையா இறுகியிருந்தா ரெண்டு தொல்லையும் சேர்ந்தே வரும். அதனால எந்தக் கம்பெனி சரக்குன்னு துருவிக் கேட்காதே. எப்படி வைக்கிறாங்கன்னு கவனி.

அது வெறும் பிளாஸ்டிக் இல்ல

நம்ம வீட்டு மாடி போட்டப்போ கான்கிரீட் கலந்ததைப் பார்த்தியே, காம்போசிட்ங்கற இந்த வெள்ளைச் சரக்கும் அதே கணக்குதான். ஜல்லிக்குப் பதிலா மாவா அரைச்ச கண்ணாடித் தூள், சிலிக்கா, சிலதுல சிர்கோனியா. சிமெண்ட்டுக்குப் பதிலா ரெசின்ங்கற பிசின். எடை போட்டுப் பார்த்தா ஏறக்குறைய முக்கால் பங்கு தூள்தான் இருக்கும், பிசின் கால் பங்கு. கண்ணாடியும் பிசினும் தானா ஒட்டாது. அதனால தூளுக்கு மேல சிலேன்னு ஒரு பூச்சு குடுத்து, ரெண்டையும் கைகோக்க வெச்சிருக்காங்க.

இந்தப் பிசினுக்கு பிஸ்-ஜிஎம்ஏன்னு பேரு. அமெரிக்காவில ரஃபேல் போவன்ங்கறவர் உருவாக்கி 1962-ல பேடன்ட் வாங்கினார். அதுக்கு முன்னாடியே, 1955-ல, மைக்கேல் பியூனோகோர் இன்னொரு வழியைக் காட்டிட்டார். இரும்புத் தகட்டுல பெயின்ட் நல்லாப் பிடிக்கறதுக்கு பாஸ்பாரிக் ஆசிட் தடவுவாங்க. அதையே அவர் பல்லு மேல தடவிப் பார்த்தார். எனாமல்ல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழி விழுந்து, பிசின் அதுக்குள்ள இறங்கிக் கொக்கி போட்டுக்கிச்சு. உனக்குப் பல்லுல நீல நிறத்துல ஒரு ஜெல்லைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் தண்ணி பீய்ச்சிக் கழுவுவாங்க பாரு, அதுதான் இது.

ஆரம்பத்துல வந்த காம்போசிட் கடைவாய்ப் பல்லுல நிக்கல. 1970-கள்ல போட்டதெல்லாம் சீக்கிரமே தேய்ஞ்சு பள்ளமாச்சு. ஏன்னு கேட்டா, மழைக்கு அப்புறம் நம்ம ஊர் தார் ரோட்டைப் பாரு. முதல்ல தார் அரிச்சுப் போகும், ஜல்லி தலையை நீட்டும், அப்புறம் ஒவ்வொண்ணா பேந்து வரும். அன்னிக்குப் போட்ட தூள் பெருசு, கரகரப்பு. பிசின் தேய்ஞ்சதும் தூள் கழண்டு விழுந்துச்சு. அதுக்கப்புறம் தூளைப் பொடிசாக்கிப் பொடிசாக்கி, 2000-க்கு அப்புறம் நானோ அளவுக்கே கொண்டுவந்துட்டாங்க. தூள் நெருக்கமா இருந்தா நடுவுல பிசின் தேயறதுக்கு இடமே இல்ல.

நம்ம சொந்தக் கடைவாய்ப் பல்லே மென்னு மென்னு வருஷத்துக்கு ஏறக்குறைய 30 மைக்ரான் தேயுது. அது தலைமுடித் தடிமன்ல பாதி கூட இல்ல. இப்ப வர்ற நல்ல காம்போசிட்டும் கிட்டத்தட்ட அதே வேகத்துலதான் தேயும். ஆகவே தேய்மானத்துக்குப் பயந்து தூக்கம் கெட வேண்டியதில்ல.

பின்னே ஃபில்லிங் ஏன் கெட்டுப்போகுது? கிளினிக்குக்குத் திரும்பி வர்றவங்கள்ல தேய்ஞ்சுபோச்சுன்னு வர்றவங்க கொஞ்சம்தான். அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற விளிம்புல மறுபடி சொத்தை புகுந்து வர்றவங்கதான் அதிகம். அதுக்கடுத்து, ஒரு துண்டு உடைஞ்சு வர்றவங்க. ஒழுங்கா வெச்சா பத்து வருஷம் கழிச்சும் அஞ்சுல நாலு நல்லா இருக்கும். சொத்தை அடிக்கடி விழற வாய்ல அந்தக் கணக்கு குறையும். ஆயுசுக்கும் கேரண்டின்னு யாராவது சொன்னா, சிரிச்சுட்டு எழுந்து வந்துடு.

போறதுக்கு முன்னாடி கிராம்பு எண்ணெய் வேண்டாம்

பல் வலின்னா அம்மா பஞ்சுல கிராம்பு எண்ணெய் தொட்டு வைப்பாங்களே, அந்த வலி குறைக்கிற சரக்கு யூஜினால். அதே யூஜினால் இந்தப் பிசினை இறுக விடாது. ஓட்டைக்குள்ள அது ஊறியிருக்க, மேல காம்போசிட் வெச்சா, அடியில கொழகொழன்னு நின்னுடும். ஏற்கெனவே வெச்சுட்டேன்னா மறைக்காதே, டாக்டர்கிட்ட சொல்லிடு. வேற எங்கேயாவது தற்காலிக சிமெண்ட் வெச்சிருந்தாலும் சொல்லு. அதுலயும் யூஜினால் கலந்தது உண்டு. தெரிஞ்சா அவங்க நல்லா சுத்தம் பண்ணிட்டு ஆரம்பிப்பாங்க. வலிக்குதுன்னு நெறைய ஊத்தினா ஈறு வெந்துபோறது தனிக் கதை.

பல்லை ப்ளீச் பண்ற ஆசை இருந்தா அதை முதல்ல முடிச்சுட்டு, ரெண்டு வாரம் விட்டு ஃபில்லிங் வெச்சுக்கோ. ப்ளீச் மருந்து பல்லை வெளுக்கும், ஃபில்லிங்கை வெளுக்காது. அதோட ப்ளீச் பண்ண சூட்டோட வெச்சா ஒட்டும் சரியாப் பிடிக்காது.

கலர் பொருத்தறதை எல்லாத்துக்கும் முன்னாடி பண்ணச் சொல்லு. பல் கொஞ்ச நேரம் காத்துல காய்ஞ்சாலே வெளுப்பாத் தெரியும், அப்ப எடுத்த கலர் சாயங்காலம் பார்த்தா பொருந்தாது. லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டுப் போகாதே. சிவப்பு பக்கத்துல இருந்தா கண்ணு ஏமாறும்.

நாற்காலியில நீ பார்க்க வேண்டியது

எச்சில்தான் முதல் எதிரி. ஆசிட் போட்டுக் கழுவின பல்லுல ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் அந்தச் சின்னக் குழியெல்லாம் அடைஞ்சுபோகும், பிசின் இறங்காது. அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு விளிம்புல பழுப்புக் கோடு விழும்போதுதான் தெரியும். ரப்பர் டேம்னு ஒரு ரப்பர் ஷீட்டைப் பல்லுக்கு மட்டும் ஓட்டை போட்டு மாட்டுவாங்க. மூச்சு முட்டுமோன்னு பலபேர் வேண்டாம்பாங்க. மூக்கால மூச்சு விட்டா ஒண்ணும் ஆகாது. அது இல்லாத இடத்துல பஞ்சு உருளை வெச்சு, எச்சிலை உறிஞ்சுற குழாயைப் போடுவாங்க. அப்ப நீ நாக்கை அடக்கி வெச்சிரு. "கொஞ்சம் துப்பிக்கிறேன்"னு நடுவுல எழுந்திரிச்சா, அதுவரைக்கும் பண்ணது வீண்.

அடுத்தது நீல லைட். பிசினுக்குள்ள கேம்பர்குவினோன்னு ஒரு பொருள் இருக்கு. ஏறக்குறைய 470 நானோமீட்டர் நீல வெளிச்சம் பட்டதும் அது உசுப்பி விட, பிசின் சங்கிலி சங்கிலியாக் கோத்துக்கிட்டு இறுகும். ஆனா வெளிச்சம் ஆழமா இறங்காது. அதனால சாதாரண காம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மேல ஒரே தடவையில வைக்கக் கூடாது. ஒரு அடுக்கு வெச்சு, லைட் அடிச்சு, அடுத்த அடுக்கு வைக்கணும். பல்க் ஃபில்னு தனியா ஒண்ணு வருது, அதை 4 மில்லிமீட்டர் வரைக்கும் வைக்கலாம். அடர்த்தியான கலரா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலா அடிக்கணும்.

முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல லைட்டோட நுனியில பழைய பிசின் காய்ஞ்சு பொறுக்கு தட்டிக் கெடந்துச்சு. பாதி வெளிச்சம் அதுலயே நின்னுடும். மேல தட்டிப் பார்த்தா கல்லு மாதிரிதான் இருக்கும், அடியில இறுகியிருக்காது. பேஷண்ட்டுக்கும் தெரியாது, அவசரத்துல இருக்கிற டாக்டருக்கும் தெரியாது. நான் பிளேடு வெச்சுச் சுரண்டி எடுத்தேன். லைட்டோட பலத்தை அளக்கிறதுக்குச் சின்ன மீட்டரே இருக்கு, நல்ல கிளினிக்ல அதை வெச்சு அப்பப்போ பார்ப்பாங்க. நீ போய் "மீட்டர் எங்கே"ன்னு கேட்க முடியாது, எனக்குத் தெரியும். ஆனா நீ செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. லைட் அடிக்கும்போது வாயை நல்லாத் திறந்து அசையாம இரு. தாடை தளர்ந்தா லைட் நுனி விலகும், விலகினா வெளிச்சம் குறையும். கடைசிக் கடைவாய்ப் பல்லுல நடக்கிற கோளாறுக்கு இதுவும் ஒரு காரணம். லைட்டை நேராப் பார்க்காதே, ஆரஞ்சுக் கண்ணாடி குடுத்தா போட்டுக்கோ.

அடுக்கடுக்கா வைக்க இன்னொரு காரணமும் உண்டு. இறுகும்போது பிசின் 2, 3 சதவீதம் சுருங்கும். ஒரே உருண்டையா வெச்சா சுருங்கற வேகத்துல பல்லை இழுக்கும், இல்ல விளிம்பை விட்டு விலகும். ஃபில்லிங் வெச்ச பல் கடிச்சா சுரீர்னு கூசறதுக்கு இதுவும் ஒரு காரணம். லேசான கூச்சம் சில நாள்ல போயிடும். மூணு நாலு வாரம் ஆகியும் விடாம கூசினா, இல்ல ராத்திரியில தானா வலிச்சா, போய்க் காட்டு.

முடிச்சதும் கார்பன் பேப்பர் மாதிரி கலர்த் தாளைக் குடுத்துக் கடிக்கச் சொல்வாங்க. வாய் மரத்துப்போய் இருக்கும்போது மேடு தட்டுறது தெரியாது. வீட்டுக்கு வந்து மரமரப்பு போனப்புறம் அந்தப் பல்லு மட்டும் முதல்ல இடிச்சா, ரெண்டு நாள்ல பழகிடும்னு விட்டுடாதே. மேடு நின்னா அந்த இடம்தான் முதல்ல உடையும், பல்லும் வலிக்கும். தேய்ச்சு விட ரெண்டு நிமிஷம் போதும்.

ரெண்டு பல்லுக்கு நடுவுல அடைச்சிருந்தா, மறுநாள் சாப்பிட்டுப் பாரு. கீரை நாரும் கறித் துணுக்கும் அந்த இடத்துலயே போய் மாட்டிக்கிட்டா, ரெண்டு பல்லும் இறுக்கமா ஒட்டலன்னு அர்த்தம். இதுக்கு டூத் பிக் வைத்தியம் ஆகாது. திரும்பப் போய் சரி பண்ணிக்கோ. இல்லேன்னா அடுத்த சொத்தை அங்கதான்.

பாலிஷ் போடாம எழுந்து வராதே. காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் பட்டு, மேல மெல்லிசா ஒரு படலம் மட்டும் இறுகாமப் பிசுபிசுன்னு நிக்கும். தேய்ச்சு மெருகேத்தினாத்தான் அது போகும். சொரசொரன்னு விட்டா மஞ்சக் கறையும் அழுக்கும் அதுலதான் ஒட்டும். வெளியே வந்ததும் ரெண்டு மூணு தடவை நல்லா வாய் கொப்பளிச்சுத் துப்பு, முழுங்காதே.

உடம்புக்கு என்ன பண்ணும்?

என் கையைப் பார்த்திருக்கியே, விரல் நுனி வெடிச்சு, தோல் உரிஞ்சு, உப்பு பட்டா எரியும்னு சொல்வேனே? அது ஹெமாங்கற பொருளால வந்தது. ஃபில்லிங்குக்கு அடியில தடவுற ஒட்டுத் திரவத்துல இருக்கும். கையுறை போட்டிருந்தாலும் மெல்லிசு ரப்பரை அது சில நிமிஷத்துலயே ஊடுருவிடும். அந்த விஷயத்தை எனக்கு யாரும் சொல்லித் தரல. நாலு வருஷம் சோப்பையும் பாத்திரத்தையும் திட்டிக்கிட்டு இருந்தேன்.

இதை ஏன் சொல்றேன்னா, கெடுதல் இறுகாத திரவத்துலதான். வாய்க்குள்ள முழுசா இறுகினது சாது. எவ்வளவு நல்லா லைட் அடிச்சாலும் பிசின் நூத்துக்கு நூறு கோத்துக்காது, ஏறக்குறைய அறுபது எழுபதுதான். மீதியிலயும் பெரும்பாலானது சங்கிலியில ஒரு பக்கம் கட்டுண்டு கெடக்கும். கழண்டு வரக்கூடியது கொஞ்சம்தான், அதுலயும் பெரும் பங்கு முதல் சில நாள்லயே எச்சில்ல வந்து போயிடும். பாலிஷும் கொப்பளிப்பும் எதுக்குன்னு இப்ப புரியுதா?

பிபிஏங்கற பிளாஸ்டிக் ரசாயனத்தைப் பத்தி நீ எங்கேயோ படிச்சிருக்க. உண்மைதான், பிஸ்-ஜிஎம்ஏ தயாரிக்க பிபிஏ வேணும், கடைசியில இம்மியளவு ஒட்டிக்கிட்டு வரலாம். ஃபில்லிங் வெச்ச கொஞ்ச நேரத்துக்கு எச்சில்ல அதோட அளவு ஏறும், அப்புறம் இறங்கிடும். அந்த அளவு ரொம்பக் குறைவு, பயப்பட வேண்டாம்னுதான் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கமும் சொல்லுது. வயித்துல குழந்தை இருக்கிறப்போ வலியையும் சீழையும் தள்ளிப்போடக் கூடாது. அழகுக்கு வைக்கிறதா இருந்தா பிரசவத்துக்கு அப்புறம் வெச்சுக்கலாம், அவ்வளவுதான் என் யோசனை.

இதை நல்லாக் கேட்டுக்கோ. நீ கல்யாணத்துக்குப் போகும்போதெல்லாம் ஜெல் நெயில் பாலிஷ் போட்டு, லைட்டுக்கு அடியில கையை நீட்டறியே, அதுலயும் இதே குடும்பத்துச் சரக்குதான். அதைப் போட்டு விரல் அரிச்சு, நகக் கண்ணு சிவந்திருந்தா, பல் டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா அதைச் சொல்லு. அப்படிப்பட்டவங்களுக்குப் பல் சரக்கும் ஒத்துக்காம போக வாய்ப்பு உண்டு.

சொத்தை ஆழமாப் போய் நரம்புக்குப் பக்கத்துல வந்துட்டா, நேரா பிசினை வைக்காம அடியில கால்சியம் கலந்த மருந்தோ, கிளாஸ் அயனோமர்ங்கற சிமெண்ட்டோ மெல்லிசா வெச்சுட்டுத்தான் மேல அடைப்பாங்க. "டாக்டர், அடியில லைனிங் வைப்பீங்களா?"ன்னு தைரியமா ஒரு வார்த்தை கேளு. இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க.

எல்லாப் பல்லுக்கும் காம்போசிட்தான் வேணும்னு அடம் பிடிக்காதே. உன் பையன் மாதிரி ரெண்டு நிமிஷம் வாயைத் திறந்து வெச்சிருக்காத குழந்தைக்கு கிளாஸ் அயனோமர் தேவலை. கொஞ்சம் ஈரம் பட்டாலும் ஒட்டும், ஃப்ளோரைடும் விடும். ஆனா சீக்கிரம் தேயும், பால் பல்லுக்கு அது போதும். பாதிப் பல்லு உடைஞ்சிருந்தா ஃபில்லிங்கை அப்பி வெச்சுப் பிரயோஜனமில்ல, கேப்தான் போடணும்.

அம்மாவோட பழைய வெள்ளி அடைப்பைப் பிடுங்கிட்டு வெள்ளையா மாத்தலாமான்னு கேட்டியே, வேண்டாம். அதுல பாதி பாதரசம், உண்மைதான். 2025 ஜனவரியில இருந்து ஐரோப்பிய யூனியன்ல அதை வைக்கிறதையே நிறுத்திட்டாங்க. ஆனா அது பெரும்பாலும் பாதரசம் தண்ணியிலயும் மண்ணுலயும் சேரக் கூடாதுன்னு எடுத்த முடிவு. நல்லா இருக்கிற அடைப்பைக் குடையும்போதுதான் ஆவி அதிகமா வரும். விளிம்புல சொத்தை இல்லேன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தப்புறம்

வெள்ளி மாதிரி இதுக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டாம், லைட் அடிச்சதும் இறுகிடும். மரமரப்பு போற வரைக்கும் மட்டும் சாப்பிடாதே, கன்னத்தைக் கடிச்சுப்ப. ஆனாலும் அன்னிக்குப் பூரா உள்ளுக்குள்ள இறுகிக்கிட்டேதான் இருக்கும். ரெண்டு நாளைக்குக் காபி, டீ, மஞ்சள் தூக்கலாப் போட்ட குழம்பு எல்லாத்தையும் தள்ளி வை. மஞ்சள் அளவுக்கு காம்போசிட்ல கறை பிடிக்க வைக்கிற பொருள் வேற ரொம்பக் குறைச்சல். தயிர்சாதமும் இட்லியும் சாப்பிடு.

பல்பொடி, கரித்தூள், உப்பு, சாம்பல் எல்லாம் வெச்சுத் தேய்க்காதே. அதெல்லாம் உப்புத்தாள் மாதிரி. மெருகு போயிடும், எனாமலையும் விட்டு வைக்காது. மிருதுவான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட். ராத்திரி ஒரு தடவை கட்டாயம், பல் இடுக்குல நூல் விட்டும் எடு. விளிம்புல சொத்தை புகாம தடுக்கிறது இதுதான், வேற மந்திரம் இல்ல. எலுமிச்சை ஜூஸ், கோலி சோடா குடிச்சதும், வாந்தி எடுத்ததும் உடனே பிரஷ் பண்ணாதே. தண்ணியில கொப்பளிச்சுட்டு அரைமணி பொறு. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் தினமும் வேண்டாம், அது பிசினை இளக வைக்கும்.

சீடையை ஃபில்லிங் இருக்கிற பக்கம் வெச்சுக் கடிக்காதே. ஐஸ் கட்டி, நல்லி எலும்பு, கொட்டைப் பாக்கு எல்லாத்துக்கும் இதே கதிதான். காம்போசிட் தேய்மானத்தைத் தாங்கும், படார்னு விழற அடியைத் தாங்காது. நீ தூக்கத்துல நறநறன்னு பல் கடிக்கிறவ, உன் கூடப் படுத்து வளர்ந்த எனக்குத் தெரியும். அதை டாக்டர்கிட்ட சொல்லி ராத்திரியில மாட்டிக்கிற நைட் கார்டு ஒண்ணு செஞ்சு வாங்கிக்கோ. ஃபில்லிங் செலவை விட அது கூடுதலாக்கூட வரலாம், வந்தாலும் செய். பல் கடிக்கிறவங்க வாய்ல எந்த ஃபில்லிங்கும் முழு ஆயுசு இருந்து நான் பார்த்ததில்ல.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டு. ஓரத்துல சின்னதா உடைஞ்சாலும், லேசாக் கறை பட்டாலும் முழுசாப் பேத்து எடுக்க வேண்டியதில்ல. அந்த இடத்தை மட்டும் சொரசொரப்பாக்கி, மேல புதுசா ஒட்டலாம். முழுசாக் குடையற ஒவ்வொரு தடவையும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். யாராவது எடுத்த எடுப்புல "எல்லாத்தையும் மாத்திடலாம்"னு சொன்னா, இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிட்டு முடிவு பண்ணு.

வியாழக்கிழமை காலையில பத்து மணின்னு சொன்ன இல்ல? வயித்துக்குச் சாப்பிட்டுட்டுப் போ, அப்புறம் மூணு மணி நேரம் வாய் மரத்துதான் கெடக்கும். அந்த கிராம்பு எண்ணெய் பாட்டிலை இன்னிக்கே எடுத்து உள்ள வை.